சின்ன ப்ரூவரி பீரை ருசி பார்ப்பதும் மார்க் போடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன ப்ரூவரி என்று எதைச் சொல்கிறீர்கள்?

அமெரிக்காவில் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு இதை ‘கிராஃப்ட் ப்ரூவரி’ என்று அழைத்து ஒரு வரையறை வைத்திருக்கிறது. ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாயைத் தாண்டக் கூடாது. கிராஃப்ட் ப்ரூவரி அல்லாத மது நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். அவர்கள் கணக்கில் ஒரு பீப்பாய் சுமார் 117 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் 70 கோடி லிட்டர் வருகிறது. அதையும் சின்னது என்கிறார்கள், இருக்கட்டும்.

இங்கே நான் பேசுவது, ஒரு தடவைக்கு ஐந்நூறு, ஆயிரம் லிட்டர் காய்ச்சுகிற, காய்ச்சியவரே வந்து கிளாஸை நீட்டுகிற இடங்களைப் பற்றி. அங்கே பெரும்பாலும் பீரை நுணுக்கமாக வடிகட்டுவதில்லை, பாஸ்டரைஸ் செய்வதும் இல்லை. மணம் தூக்கலாக இருப்பது அதனால்தான். சீக்கிரம் கெட்டுப்போவதும் அதனால்தான்.

குடித்தால் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமே. அதற்கு மேல் மதிப்பிட என்ன இருக்கிறது?

மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்த பீரில் பழுது ஏதும் இல்லையே? என்ன பீர் என்று சொல்லித் தந்தார்களோ, அதுவாக இருக்கிறதா? எனக்குப் பிடித்திருக்கிறதா? இதே வரிசையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலானவர்கள் மூன்றையும் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறார்கள். புளிப்பு ஆகாத ஒருவர், சுத்தமாகச் செய்த பெர்லினர் வைஸ்ஸேக்கு ஐந்துக்கு இரண்டு போட்டு, ‘புளிக்கிறது’ என்று எழுதுகிறார். புளிப்பதற்காகவே செய்த பீர் அது. இன்னொருவர் வெண்ணெய் வாடை என்ற பழுதுள்ள லாகரை (குளிரில் நொதிக்கவைக்கும் பீர் வகை) ‘வழுவழுவென்று இறங்குகிறது’ என்று புகழ்ந்து நாலரை போடுகிறார். அவருக்குப் பிடித்திருப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த நாலரையைப் பார்த்து வாங்கப் போகிறவருக்கும் சரி, காய்ச்சியவருக்கும் சரி, அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

எந்த கிளாஸில் ஊற்ற வேண்டும்?

வாய் கொஞ்சம் குறுகி, வயிறு கொஞ்சம் அகன்ற எந்தக் கண்ணாடி கிளாஸும் போதும். டுலிப் கிளாஸ் கிடைத்தால் நல்லது. சின்ன ஒயின் கிளாஸும் சரிதான். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி கிளாஸ் என்பதெல்லாம் அலமாரிக்கு அழகு.

வடிவத்தைவிடச் சுத்தம் முக்கியம். ஊற்றிய பிறகு கிளாஸின் உள்சுவரைப் பாருங்கள். குமிழிகள் திட்டுத் திட்டாகச் சுவரில் ஒட்டி நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது. நுரையைத் தாங்கி நிற்பவை மால்ட்டிலிருந்து (முளைகட்டிக் காயவைத்த பார்லி போன்ற தானியம்) வரும் புரதமும் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) கசப்புப் பொருள்களும். கொழுப்புப் பட்டால் அது உட்கார்ந்துவிடும். உதட்டுச் சாயமும் அதே வேலையைச் செய்யும். ஆகவே, நுரை நிற்கவில்லை என்று மார்க்கைக் குறைப்பதற்கு முன்னால் கிளாஸை வெந்நீரில் அலசி இன்னொரு முறை ஊற்றிப் பாருங்கள்.

எவ்வளவு ஜில்லென்று இருக்க வேண்டும்?

குடிப்பதற்கென்றால் உங்கள் இஷ்டம். மதிப்பிடுவதற்கென்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வேண்டாம். 3, 4 டிகிரியில் நாக்கு மரத்துப்போகும், மணமும் மேலே எழும்பாது. லாகர், பில்ஸ்னர் வகைகளுக்கு 5 முதல் 7 டிகிரி, ஹாப்ஸ் தூக்கலான பேல் ஏல், ஐபிஏ வகைகளுக்கு 8 முதல் 10, வறுத்த மால்ட்டில் செய்யும் கனமான கறுப்பு ஸ்டவுட்டுக்கு 12, 13 என்று வைத்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. ஜில்லென்று ஊற்றி ஒரு வாய், பத்து நிமிஷம் கழித்து ஒரு வாய், கிளாஸ் ஏறக்குறைய அறை வெப்பத்துக்கு வந்ததும் கடைசியாக ஒரு வாய். நல்ல பீர் சூடேற ஏறப் பேச ஆரம்பிக்கும். குளிரில் ஒளிந்திருந்த பழுதும் அந்த மூன்றாவது வாயில்தான் வெளியே வரும்.

முதலில் என்ன செய்ய வேண்டும்? நேரே குடித்துவிடலாமா?

மூக்கை முதலில் அனுப்புங்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். சளி பிடித்த நாளில் இது எல்லோருக்கும் தெரிந்ததே.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். நுரை கலைவதற்குள், கிளாஸை மூக்குக்குக் கீழே இடமிருந்து வலமாக ஒரு தடவை நகர்த்துங்கள். முதலில் தட்டுப்படுவதை அப்படியே எழுதிவிடுங்கள், யோசிக்க வேண்டாம். அப்புறம் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று உறிஞ்சல். அப்புறம் உள்ளங்கையால் கிளாஸின் வாயை மூடி, மெதுவாகச் சுழற்றி, கையை எடுத்த கையோடு ஒரே ஒரு நீண்ட மூச்சு. லேசான மணங்கள் இந்தக் கடைசி மூச்சில்தான் சிக்கும். திரும்பத் திரும்ப முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு பழகிப்போய் ஒன்றுமே தெரியாது. அப்போது உங்கள் சட்டைக் கையையோ புறங்கையையோ முகருங்கள். மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும். சென்ட் போட்டுக்கொண்டு ருசி பார்க்க உட்காரக் கூடாது என்று சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் கெடுத்துவிடுவீர்கள்.

ஒயின் பார்ப்பவர்கள் துப்புகிறார்களே, நாமும் துப்ப வேண்டுமா?

பீரில் வழக்கமாக விழுங்குவார்கள். நாக்கின் பின்பக்கத்தில்தான் கசப்பு தெரியும், அதனால் விழுங்கியாக வேண்டும் என்று ஒரு காரணம் சொல்வதுண்டு. அது சரியில்லை. 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் செய்த ஆய்வைத் தப்பாகப் புரிந்துகொண்டு வரைந்த ‘நாக்கு வரைபடத்தின்’ மிச்சம் அது. எல்லாச் சுவையும் நாக்கு முழுக்கவே தெரியும்.

உண்மையான காரணம் வேறு. விழுங்கியதும் மூச்சை மூக்கு வழியே விட்டுப் பாருங்கள். தொண்டைப் பக்கமாக மணம் மூக்குக்கு ஏறும். ஹாப்ஸின் பழ மணம், வறுத்த மால்ட்டின் காப்பி மணம், கூடவே வெண்ணெய் வாடை, அட்டை வாடை எல்லாம் அப்போது தெளிவாகும். கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, முடிவு சுத்தமாக இருக்கிறதா, தொண்டையில் காறுகிறதா என்பதும் விழுங்கினால்தான் தெரியும். ஒரு ரவுண்டில் ஓரிரு வாய் விழுங்கிவிட்டு மிச்சத்தை வாளியில் கொட்டுவதில் வெட்கமே வேண்டாம். போட்டி நடுவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒரே சமயத்தில் எத்தனை வகை பார்க்கலாம்?

நாலு பார்த்தால் ஒழுங்காகப் பார்க்கலாம், ஆறு வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் எழுதும் குறிப்பெல்லாம் ‘சூப்பர்’, ‘செம’ என்றுதான் இருக்கும்.

சின்ன கிளாஸ்தானே என்று எண்ணிவிடுகிறோம், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 மில்லி வீதம் எட்டு கிளாஸ் என்றால் 600 மில்லி. சராசரி 7% என்று வைத்தால் 42 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 33 கிராம். 5% பீரில் அரை லிட்டர் குடித்தால் போவது 20 கிராம்தான். ருசி மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

லேசானதில் தொடங்கிக் கனமானதற்குப் போக வேண்டும், கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதற்கு. புளிப்பு, புகை மணம், பீப்பாயில் ஊறிய வலுவான பீர்கள் கடைசியில். நிறத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள்: 4% உள்ள கறுப்பு ஸ்டவுட், 9% பொன்னிற பெல்ஜியன் ட்ரிப்பலுக்கு முன்னால் வர வேண்டும். நடுவில் தண்ணீர், உப்பில்லாத வெறும் ரொட்டி, அவ்வளவுதான்.

லேபிளில் ஐபியூ 60 என்று போட்டிருக்கிறது. ரொம்பக் கசக்குமா?

சொல்ல முடியாது. ஐபியூ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்புப் பொருள் இருக்கிறது என்ற அளவு. நாக்கு உணரும் கசப்பு அது மட்டும் அல்ல. 60 ஐபியூ உள்ள இம்பீரியல் ஸ்டவுட்டில் (ஆல்கஹால் கூடிய கனமான ஸ்டவுட்) மிஞ்சியிருக்கும் மால்ட் இனிப்பு கசப்பை மூடிவிடும். அதே 60, இனிப்பு வற்றிய ஐபிஏவில் பல்லைக் கூச வைக்கும். சில ப்ரூவரிகள் அளந்து பார்க்காமல் செய்முறையிலிருந்து கணக்குப் போட்டே அந்த எண்ணை அச்சிடுகின்றன. லேபிளில் எனக்கு வேண்டியது அடைத்த தேதி, மற்றதெல்லாம் அப்புறம்.

பழுது என்கிறீர்களே, எதையெல்லாம் பழுது என்பது?

மார்க் போட ஆசைப்படுகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். ஏழெட்டு வாடைகளை அடையாளம் தெரிந்துகொண்டால் பாதிக்கு மேல் தேறிவிடலாம். அது யாருடைய தப்பு என்பதும் சேர்ந்தே தெரிய வேண்டும், ஏனென்றால் எல்லாமே காய்ச்சியவர் தலையில் விழக்கூடியவை அல்ல.

வெண்ணெய் வாடை. டயசெட்டில் என்ற பொருள். நொதிக்கும்போது ஈஸ்ட்தான் அதற்கு வழிவகுக்கிறது. இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் அதே ஈஸ்ட் அதைத் தின்று தீர்த்தும் விடும்; இப்படி விட்டுவைப்பதுதான் டயசெட்டில் ரெஸ்ட். டாங்க் காலியாக வேண்டுமே என்று அவசரப்பட்டால் மிஞ்சிவிடுகிறது. ஆனால் குழாய்களைக் கழுவாத பாரிலும் பாக்டீரியா வளர்ந்து இதே வாடை வரும். ஆகவே அதே பீரை பாட்டிலிலோ கேனிலோ ஒரு முறை பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

வேகவைத்த சோள வாடை. டைமெத்தில் சல்ஃபைடு. வெளிர் மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் இதுவாக மாறும்; திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதித்தால் ஆவியோடு போய்விடும். லாகரில் மிக லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தூக்கலாக இருந்தால் கொதி போதவில்லை, அல்லது கொதித்ததை ஆறவைக்க நேரமாகிவிட்டது. காய்ச்சியவர்தான் பொறுப்பு.

பச்சை ஆப்பிள் வாடை. அசிட்டால்டிஹைடு. பெரும்பாலும் பீர் இன்னும் முதிரவில்லை என்று அர்த்தம்.

ஈரமான அட்டை வாடை. ஆக்சிஜன் பட்டு, வெப்பத்தில் இருந்து, நாள்பட்ட பீர். அடைக்கும்போதே காற்றுப் புகுந்திருக்கலாம். வெயிலில் நின்ற லாரியும் காரணமாக இருக்கலாம். ஹாப்ஸ் அள்ளிப்போட்ட கலங்கலான ஐபிஏவில் அட்டை வாடை வரும் முன்பே பழ மணம் செத்து, நிறம் மங்கிப் பழுப்பேறிவிடும்.

ஸ்கங்க் நாற்றம். ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் துர்நாற்றம் போன்றது. பச்சை பாட்டிலிலும் நிறமில்லாத பாட்டிலிலும் வெளிச்சம் புகுந்து ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைக்கிறது. அதில் பிறக்கும் கந்தகப் பொருள் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழுப்பு பாட்டில் நன்றாகத் தடுக்கும், கேனுக்குள் வெளிச்சமே போகாது. இது கடைக்காரரின் ஜன்னலோரத் தட்டில் நடந்த விபத்து. காய்ச்சியவரைத் திட்டாதீர்கள், பச்சை பாட்டில் எதற்கு என்று வேண்டுமானால் கேட்கலாம்.

பிளாஸ்டர், மருந்து நெடி. குளோரின் கலந்த தண்ணீரில் காய்ச்சினாலும், குளோரின் போட்டுக் கழுவியதைச் சரியாக அலசாவிட்டாலும் வரும். இதற்கு நான் கருணையே காட்டுவதில்லை.

வினிகர் புளிப்பு. புளிப்பு வகையாக இல்லாத பீரில் இருந்தால் கிருமி புகுந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் பீர் பொங்கி மேஜை முழுக்க ஓடினால் அதுவும் அநேகமாக இதன் உறவுதான்.

வாழைப்பழ வாசனை வந்தால்?

என்ன பீர் என்பதைப் பொறுத்தது. ஜெர்மானிய கோதுமை பீரான வைஸன் வகையில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கத்தான் வேண்டும். இரண்டையும் அந்த ஈஸ்ட்தான் தருகிறது. பில்ஸ்னரில் அதே வாழைப்பழம் வந்தால் நொதித்த இடம் சூடாக இருந்தது என்று பொருள்.

கலங்கலும் அப்படித்தான். வைஸனும் நியூ இங்கிலாந்து ஐபிஏவும் கலங்கியே இருக்கும், பில்ஸ்னர் பளிச்சென்று இருக்க வேண்டும். கோஸே என்ற ஜெர்மானியப் புளிப்பு பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். உப்புக் கரிக்கிறது என்று அதில் மார்க்கைக் குறைக்க முடியாது. இரண்டாவது கேள்வி, அதாவது ‘சொன்னதுதானா இது?’ என்பது இங்கேதான் வேலை செய்கிறது. வகையின் பெயர் எதுவும் சொல்லாமல், ‘எங்கள் ஊற்று’ என்று மட்டும் எழுதித் தந்தால், காய்ச்சியவரிடம் என்ன நினைத்துச் செய்தார் என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, மார்க் எப்படிப் போடுவது?

1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராமின் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மார்க் என்பதைக் கவனியுங்கள். படம் பிடித்துப் போடுகிறவர்கள் அதற்கு முப்பது கொடுப்பார்கள்.

வீட்டில் ருசி பார்ப்பவருக்கும் இந்தப் பங்கீடு போதும். ஆனால் எண்ணுக்கு முன்னால் இரண்டு வரி எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒரு பேல் ஏலுக்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

‘பேல் ஏல், 5.2%, கேன், அடைத்து மூன்று வாரம். வெண்நுரை, இரண்டு நிமிஷம் நின்றது. முதல் மூக்கில் கிரேப்ஃப்ரூட் தோல், பின்னால் பிஸ்கட் மால்ட். ஜில்லென்று இருந்தபோது சுத்தம். சூடேறியதும் லேசாக வெண்ணெய். கசப்பு நடுத்தரம், முடிவில் சற்று காறல். மணம் 9, தோற்றம் 3, சுவை 13, வாய் 4, ஒட்டுமொத்த எண்ணம் 6. ஆக 35. வெண்ணெய் இல்லாவிட்டால் 40 தொட்டிருக்கும். எனக்குப் பிடித்திருந்தது.’

கடைசி வாக்கியத்தைத் தனியாக விட்டிருக்கிறேன். அதற்கு மார்க்கில் இடம் இல்லை.

ஆப்பில் 4.5 வாங்கிய பீர் எனக்குச் சுமாராகத்தான் இருந்தது. எப்படி?

குடித்த பீருக்கு ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடும் அன்டாப்டு மாதிரியான ஆப்புகளில் போடுவது பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கான மார்க், அதாவது பிடித்ததா என்பதற்கு. ஒரே வாய் ருசியில் கனமான, இனிப்பான, ஆல்கஹால் கூடிய பீர் எப்போதும் ஜெயிக்கும். அதனால் பட்டியலின் உச்சியில் இம்பீரியல் ஸ்டவுட்டும் டபுள் ஐபிஏவுமாகக் குவிந்து கிடக்கும். பழுதே இல்லாமல் காய்ச்சிய, ஹெல்லஸ் என்ற லேசான ஜெர்மானிய லாகர் மூன்றரையைத் தாண்டத் திணறும். அதைக் காய்ச்சுவதோ கடினம், தப்பு நடந்தால் மறைக்க அதில் ஒன்றுமே கிடையாது.

அரிதாகக் கிடைப்பதற்கும் மார்க் விழும். பெல்ஜியத்தில் சின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சும் வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12, ரேட்பீர் தளத்தில் பல முறை உலகின் முதல் இடத்தைப் பிடித்தது. அருமையான பீர்தான், சந்தேகமில்லை. ஆனால் மடத்துக்கே போய் வாங்கி வந்தவர் அதற்கு 3 போடுவாரா?

அப்படியானால் லேபிளை மறைத்துத்தான் பார்க்க வேண்டுமா?

எப்போதும் வேண்டாம். ஆனால் ஒரு ப்ரூவரி மேல் உங்களுக்குப் பாசமோ கோபமோ இருந்தால் அவசியம். வேறொருவர் ஊற்றிக் கொண்டுவரட்டும், என்ன வகை என்று மட்டும் சொல்லட்டும்.

இரண்டு பீருக்கு வித்தியாசம் தெரிகிறது என்று அடித்துச் சொல்பவருக்கு முக்கோணச் சோதனை இருக்கிறது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. தனியாக நிற்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் ஆறு தடவையாவது செய்ய வேண்டும். இரண்டு தடவை சரியாகச் சொன்னதற்கெல்லாம் மார்தட்டக் கூடாது. நிறம் காட்டிக்கொடுத்தால் கறுப்பு கிளாஸ், இல்லையென்றால் மங்கிய விளக்கு.

போன மாதம் பிரமாதமாக இருந்த அதே பீர் இந்த மாதம் வேறாக இருக்கிறது. எந்த மார்க்கை வைப்பது?

இரண்டையும் வையுங்கள், தேதியோடும் பேட்ச் எண்ணோடும். ஹாப்ஸ் ஒவ்வொரு அறுவடையிலும் கொஞ்சம் மாறும். ஈஸ்ட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தினால் அதன் குணமும் நகரும். பெரிய கம்பெனி பல டாங்குகளைக் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே டாங்க் வைத்திருப்பவரால் அது முடியாது. சின்ன மாற்றத்துக்காக நான் மார்க்கைக் குறைப்பதில்லை. ஒரு பேட்சில் பழுது வந்து, அது தெரிந்தும் விற்றார்கள் என்றால் அது வேறு விஷயம்.

காய்ச்சியவரே எதிரில் நின்று ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால்?

கண்டதைச் சொல்லுங்கள், காரணம் சொல்லப் போகாதீர்கள். ‘சூடேறினதும் வெண்ணெய் மாதிரி வருது, உங்களுக்கும் வருதா?’ என்றால் அவர் கிளாஸை வாங்கி முகர்வார். ‘நீங்க டயசெட்டில் ரெஸ்ட் சரியா விடல’ என்றால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். நியாயமும் அதுதான்: குழாயில் வந்த வாடையா, டாங்கில் வந்த வாடையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நன்றாக இருந்தாலும் என்ன நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். வெறும் ‘சூப்பர்’ அவர் தினமும் கேட்பதுதான்.

எனக்கு இந்த வாடையெல்லாம் தெரியவே மாட்டேன் என்கிறது. மூக்கு மோசமா?

பெரும்பாலும் பழக்கம்தான் போதவில்லை. சிலருக்குச் சில வாடை பிறவியிலேயே மட்டு. டயசெட்டில் கொஞ்சம்கூடத் தெரியாத தேர்ந்த நடுவர்கள் உண்டு. தங்களுக்கு எது தெரியாது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்து நாற்காலியை நம்புவார்கள்.

பழக எளிய வழி ஒன்று. பச்சை பாட்டிலில் வரும் ஒரே லாகரை இரண்டு வாங்குங்கள். ஒன்றை அப்படியே அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள், மற்றதை வெயிலில் சில மணி நேரம் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே அளவு குளிரவைத்து, பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி முகருங்கள். ஸ்கங்க் நாற்றம் அதற்குப் பிறகு ஆயுளுக்கும் மறக்காது. அட்டை வாடைக்குக் கேனைச் சூடான அறையில் சில வாரம் போட்டுவைத்து, ஃப்ரிட்ஜில் இருந்த கேனோடு ஒப்பிடலாம்.

நானும் நண்பரும் ஒரே பீருக்கு 42, 27 என்று போட்டிருக்கிறோம். யார் சரி?

முதலில் கிளாஸை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவருடைய கிளாஸில் சோப்பு இருந்திருக்கலாம், ஒருவர் பாட்டிலின் அடிமண்டியை ஊற்றிக்கொண்டிருக்கலாம். அதற்குப் பிறகும் மாறாவிட்டால் எண்ணை விட்டுவிட்டுக் குறிப்பைப் படியுங்கள். இரண்டு குறிப்பிலும் ஒரே காறல் எழுதியிருந்தால், ஒருவர் அதைப் பெரிதாக எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பேசி நடுவில் வரலாம். ஒருவர் கண்டது மற்றவர் குறிப்பிலேயே இல்லை என்றால் இன்னொரு பாட்டிலைத் திறந்து, இந்தத் தடவை பேசாமல் எழுதுங்கள்.